லூப் லைனுக்கு மேலே ஒரு வீடு

எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே ரயில் பாதை. ஆபீஸ் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மின்சார ரயில் மெயின் லைனில் பறக்கும். அது போகும்வரை சரக்கு வண்டி பக்கத்து லூப் லைனில் ஒதுங்கி நிற்கும், குளியலறைக்கு வெளியே துண்டோடு நிற்பவரைப் போல.

சரக்கு வண்டி கொஞ்சம் நீளம்தான். ஒருநாள் எஞ்சின் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சவரம் செய்துகொண்டேன். கடைசிப் பெட்டி தாண்டும்போது மறுபடியும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. தயிர்ப் பானையை ஜன்னல் திட்டில் வைத்தால் நிலக்கரி வண்டி குலுக்கும் குலுக்கலில் வெண்ணெய் திரண்டுவிடும். மின்சார ரயிலுக்கு வெறும் நுரைதான். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

இப்பேர்ப்பட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லி என் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எங்கோ எட்டாவது மாடியில் எங்களுக்கு வீடு பார்த்துவிட்டான்.

"அம்மா, இந்தச் சத்தத்துல எப்படித்தான் குடித்தனம் பண்றியோ. அங்க ஊசி விழுந்தா கேக்கும்."

என் மனைவி தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். "அப்படியா?"

"சாயங்காலத்துக்குள்ள அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும். நீ சரின்னா சரி. அப்பாவைக் கேக்க வேணாம்."

"நான் யாரு, வாசல்ல கிடக்கிற மிதியடி" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

ஜன்னல் போனால் இந்த வயதில் எதைப் பார்த்துக்கொண்டிருப்பது, சுவரையா? வீட்டின் பெருமையைச் சொல்லியாவது அவள் மனதை மாற்றலாம் என்று ஆரம்பித்தேன்.

"டேய், ஒரு தடவை இந்த லூப் லைன்ல சர்க்கரை வண்டி நின்னுச்சு. எறும்பெல்லாம் ஒண்ணு சேந்து..."

மின்சார ரயில் வந்தது. நான் நிறுத்தவில்லை.

"...அரை மைல் தூரம் தள்ளிட்டுப் போயிருச்சுங்க. கார்டு பச்சைக்கொடி காட்டிக்கிட்டே பின்னாடி ஓடுறாரு. அப்புறம் பாரு..."

வழி கிடைத்ததும் லூப் லைனில் நின்றிருந்த சரக்கு வண்டி கிளம்பியது. பெட்டிக்குப் பெட்டி இழுபட்டு, தடதடவென்று வீடே ஆடியது. நானும் விடாமல் சொல்லி முடித்தேன். கடைசிப் பெட்டி போனபோது கதையும் முடிந்திருந்தது.

"பாத்தியாம்மா? அப்பா சொன்னது ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விழலை."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"அதுக்குத்தான் நான் வரலைங்கறேன். ஊசி விழுந்தாலே கேக்குற வீட்டுல, இவர் வாயைத் திறந்தா என் கதி என்னடா?"

மகன் என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"மின்சார ரயில் வந்தா பாதிக் கதைதான் அடிபடுது. சரக்கு வண்டின்னா முழுசா போயிரும். இந்த வசதி அங்க இருக்கா?" என்றாள் அவள்.

இல்லை என்று அவனே ஒத்துக்கொண்டான். வராந்தாவுக்குப் போய், வீடு வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு வந்தான்.

எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வீடு தங்கிய சந்தோஷத்தில் அது வர மறந்துவிட்டது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

"அந்த எறும்பெல்லாம் கடைசியில என்ன ஆச்சு தெரியுமா?"

அவள் எட்டி சிக்னலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. சிமெண்ட் வண்டி வர்ற நேரம்தான். வந்ததும் சொல்லுங்க."