முட்டியில் இறங்கிய ஊசி

டைல்ஸ் பதிக்கிறவன் நிற்கிற நேரத்தைவிட மண்டி போடுகிற நேரம்தான் அதிகம். கோவிலில் மண்டி போட்டால் வரம் கிடைக்கும் என்கிறார்கள். எங்களுக்கு முட்டி வீங்கும், அவ்வளவுதான்.

என் தங்கை புருஷனுக்கு வலது முட்டி வீங்கியது. நானும் அவனும் ஒன்பது வருடமாக ஒரே செட். நான் வெட்டிக் கொடுப்பேன், அவன் பதிப்பான். முட்டிச் சில்லுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம், அமுக்கினால் தளும்பியது. முட்டிக்கு மாட்டுகிற ரப்பர் மெத்தை அவனிடம் இருந்தது. வேர்த்து ஊறுகிறது என்று அதைச் சிமெண்ட் மூட்டை மேலேயே போட்டு வைத்திருப்பான். சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். நான் மட்டும் என்ன யோக்கியன்? என்னுடையது எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது.

வீங்கிய முட்டிக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. மருந்துக் கடையில் சிரிஞ்ச் வாங்கி, குத்தி, நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி மண்டி போட வேண்டியது. இதில் நான் கைராசிக்காரன் என்று பெயர். நாலு பேருக்குக் குத்தியிருக்கிறேன், நாலு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்? செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை காலை நீட்டினான். நான் கையை வாளித் தண்ணீரில் முக்கி, பேண்ட்டில் துடைத்துக்கொண்டு குத்தினேன். மஞ்சளாகத் தெளிந்த நீர் வந்தது, வீக்கம் வடிந்தது. அவன் நடந்து காட்டினான். சுற்றி நின்றவர்கள் என் முதுகில் தட்டினார்கள்.

வியாழக்கிழமை மறுபடி வீங்கிவிட்டது. இந்தத் தடவை சிவந்து, தொட்டால் சுட்டது. திங்கட்கிழமை ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் வேலை ஆரம்பம். அந்த மாதிரி வேலை எங்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை. அவன் மண்டி போடாவிட்டால் மேஸ்திரி வேறு செட்டைக் கூப்பிட்டுவிடுவார். அதனால் தெருமுனை டாக்டரிடம் போனோம்.

டாக்டர் பொறுமைசாலி. சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். முட்டி எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு பை இருக்கிறதாம், உள்ளே எண்ணெய் மாதிரி சில சொட்டுத்தான் இருக்குமாம். தோலும் எலும்பும் உரசாமல் வழுக்கிப் போவதற்கான ஏற்பாடு. தோள், முழங்கை, இடுப்பு எல்லாவற்றிலும் இதே மாதிரி உண்டாம். வருடக்கணக்கில் நசுக்கினால் பை தடித்து நீர் கோத்துக்கொள்ளும். மூட்டுக்குள் ஒன்றும் ஆகவில்லை, ஓய்வு கொடுத்து, ஐஸ் வைத்து, மாத்திரை போட்டால் சில வாரத்தில் அடங்கும் என்றார்.

சில வாரம் என்றதும் மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னான். டாக்டர் யோசித்தார். வீக்கத்தைச் சீக்கிரம் அமுக்குகிற ஊசி ஒன்று இருக்கிறது, ஆனால் உள்ளே கிருமி போயிருந்தால் அதைப் போடவே கூடாது, அந்த மருந்து உடம்பின் காவலைக் குறைத்துவிடும் என்றார்.

"இதுல யாராச்சும் ஏதாச்சும் குத்தினீங்களா?"

அவன் முட்டித் தோல் காய்த்து, வெடித்து, வெடிப்பெல்லாம் வெள்ளை சிமெண்ட் அடைந்து கிடந்தது. நான் குத்திய இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சூடா இருக்கே, அதான் கேக்குறேன். நிச்சயமா இல்லையே?"

"நான்தான் கூடவே இருக்கேனே டாக்டர்."

ஊசி போட்டார். சனிக்கிழமை மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டினான். ஞாயிற்றுக்கிழமை குளிர் ஜுரத்தில் பல் கிட்டியது. திங்கட்கிழமை காலையில் தொடை வரை செக்கச்செவேல் என்று ஏறியிருந்தது, காலை ஊன்ற முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு முறை அறுத்துச் சீழைக் கழுவினார்கள். என் தங்கை வருகிறவர்களிடமெல்லாம், எங்க அண்ணன் மட்டும் இல்லேன்னா இவர் எனக்கு இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் சீழ் பையைத் தாண்டி மூட்டுக்குள் போய்விட்டது, முட்டி இனி முன் மாதிரி மடங்காது என்றார். தெருமுனை டாக்டர் ஊசி போடுவதற்கு முன்பே உள்ளே கிருமி போயிருக்க வேண்டும், அது எப்படிப் போனது என்று எங்களைக் கேட்டார். மறுபடி பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த ஊசியைப் போட்டே இருக்க மாட்டார்கள், அனேகமாக மருந்து மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் கேட்டப்ப இவர் என்ன சொன்னார்?"

"அவன் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து அவன் தெளிவாகப் பேச ஆரம்பித்தபோது, அவள் பக்கத்தில் இருக்கும்போதே நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்ல வந்த மாப்ள?"

அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். குரலில் கோபமே இல்லை.

"ஆமான்னு சொல்லத்தான் வந்தேன் மச்சான். நீங்க இல்லேன்னுட்டீங்க. அப்புறம் அவர் முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்க மனசு வரல."