டைட் என்றொரு சொல்

பயணிகள் படகு கவிழ்ந்ததில் அதை ஓட்டியவனும் செத்துப்போனான். விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. அவன் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் சொல்வதை எடுத்துச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியிருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண்மணி, தொழிலில் கெட்டிக்காரர்.

“கடைசியா உங்க வீட்டுக்காரர் என்னம்மா பேசினார்?” என்று விசாரணை அதிகாரியின் கேள்வியை அவர் தமிழில் கேட்டார்.

“படகுத்துறையில இருந்து போன் பண்ணாரு. ‘போட் டைட்டா இருக்கு, மொதலாளி கெளம்பச் சொல்லிட்டாரு, வந்து பேசறேன்’னாரு.”

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். ‘டைட்’ ஏற்கெனவே ஆங்கிலம்தானே என்று அதை அப்படியே விட்டார்.

படகு முதலாளியின் வக்கீல் வாயெல்லாம் பல்லாக எழுந்தார். கையில் தடித்த அகராதி. அந்தச் சொல் வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய மொழியிலிருந்து வந்தது, அடர்ந்தது, இடுக்கில்லாதது என்பதுதான் அதன் பழைய பொருள், கப்பல்காரர்கள் இன்றைக்கும் தண்ணீர் புகாத கலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று வாசித்துக் காட்டினார். படகு நன்றாக இருந்ததென்று ஓட்டியவனே சொல்லிவிட்டான், அப்புறம் முதலாளி மேல் என்ன பழி என்றார். அறையில் யாரோ சிரித்தார்கள்.

“எதுக்குக்கா சிரிக்கிறாங்க?”

மொழிபெயர்ப்பாளர் காதோடு விளக்கினார்.

“ஐயோ, மூச்சு விட எடமில்லாம ஆளுங்கள ஏத்திட்டாங்கன்னு சொன்னாருக்கா! அதைச் சொல்லுங்க!”

சொன்னார். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிய பிறகு சாட்சி பேச்சை மாற்றுகிறது என்றார் வக்கீல். தமிழர் வாயில் அந்தச் சொல்லுக்கு நெரிசல் என்றுதான் பொருள் என மொழிபெயர்ப்பாளர் வாதாடிப் பார்த்தார். நீங்கள் சாட்சியல்ல, உட்காருங்கள் என்று விசாரணை அதிகாரி வாயை அடைத்துவிட்டார்.

ஓட்டியவனின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பு வந்தது. அந்தப் படகில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள்.

மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே ஓடிவந்தார். “நெருக்கமா இருக்குன்னு அவர் சொல்லியிருந்தா, நான் சரியா சொல்லியிருப்பேம்மா.”

“பஸ்ஸுல ஏறுனாலும் டைட்டுன்னுதான்க்கா சொல்வாரு. அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீசே நாலு வார்த்தை.” அவள் குரல் உடையவில்லை. “ஒங்களுக்கு எல்லாமே தெரியுமே. நீங்க ஏன் என்னை ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல?”

தோளைத் தொட வந்த மொழிபெயர்ப்பாளரின் கையைத் தட்டிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.