பேரில்லாத சோப்பு

1974ஆம் வருஷம், ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, கச்சிராயபாளையத்தில் சாலம்மாள் வீட்டார் நால்வர் உடம்பிலும் துணி சோப்புக் கம்பெனியின் பெயர் எழும்பியிருந்தது. சிவந்த தடிப்பாக, கொட்டை எழுத்தில், நாலடி தள்ளி நின்றாலும் வாசிக்கலாம். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கம்பெனிக்கு அன்று கிடைத்த இலவச விளம்பரமே போதும். சாலம்மாளின் புருஷன், கரும்பு வெட்டும் பாவாடைக்குத் தோளில் பெயரும் அதன் கீழே எடையும். சின்னவள் செவ்வந்திக்கு முதுகில் ஆலையின் விலாசம், பின்கோடு உட்பட. பன்னிரண்டு வயதுப் பெரியவள் அம்சவள்ளிக்குப் பின்கழுத்தில் 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்'. சாலம்மாளுக்கு இரண்டு முழங்கைகளிலும் பெயர்; படிக்கத் தெரியாதவளுக்கு எப்படி இருந்தால் என்ன என்பதுபோல் இடது கையில் தலைகீழாக. அரிப்பு மட்டும் நால்வருக்கும் ஒரே அளவு.

ஊர் வந்து வாசித்துவிட்டுப் போனது. வேறு உபகாரம் எதுவும் ஊரிடமிருந்து வரவில்லை. கம்பவுண்டர் ஒரு களிம்பு கொடுத்தார். மூன்றாம் நாள் களிம்பின் பெயரும் பொடி எழுத்தில் கீழே முளைத்தது. மருந்து வேலை செய்கிறது என்றார் அவர். வேறு சோப்புக்கு மாறினார்கள்; பழைய பெயருக்குப் பக்கத்திலேயே புதுப் பெயரும் வந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், வாசிக்கத் திணறும் பிள்ளைகளை அம்சவள்ளிக்குப் பின்னால் உட்காரவைத்து, வாசிப்புத்திறன் கூடியிருப்பதாக மேலே அறிக்கை அனுப்பினார். அன்றோடு அம்சவள்ளி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டாள். மூலையில் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தவளைச் சோறு தின்னக்கூட எழுப்ப முடியவில்லை.

சாலம்மாள் வேலை செய்த நிலத்துக்காரி ஆண்டாள் சொன்னாள்: "எங்க வூட்லயும் அதே சோப்புதான். எங்களுக்கு இன்னா ஆச்சி? உங்களுக்குத்தான் ஒடம்புல சொகுசு ஜாஸ்தியாப் போச்சி." அந்த வீட்டுத் துணியைப் பன்னிரண்டு வருஷமாகத் தோய்ப்பவள் சாலம்மாள். ஆண்டாள் ஒரு கைக்குட்டையைக்கூடத் தண்ணீரில் நனைத்ததில்லை.  

ஆவணியில் கம்பெனி ஏஜென்ட் ஒலிபெருக்கி வைத்த வேனில் வந்தார். குடும்பத்தோடு வாரச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், வருஷம் முழுக்க சோப்பு இனாம் என்றார். பாவாடை தலையை ஆட்டிவிட்டான். சாலம்மாள் ஏஜென்ட்டின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வெள்ளையா கீது சார். வூட்ல இன்னா சோப்பு போட்டுத் தோய்க்கிறாங்க?"

ஏஜென்ட் திரும்பி வேனைப் பார்த்தார்.

"பாத்தியா?" என்றாள் புருஷனிடம். "அவுரு பொண்டாட்டி தொடாத சோப்ப நாம முதுவுல சொமந்துக்கினு நிக்கணுமாம். நீ போய் நில்லு. எம் பொண்ணு வரமாட்டா."

சந்தைக்குப் புளி கொண்டுவரும் கரியாலூர் இருசம்மாளோடு மறுநாளே மலையேறினாள். மலையில் பூந்திக்கொட்டையில்தான் தோய்ப்பார்கள். அதில் எழுத்து வராது, ஆனால் கொளுத்திய கரும்புத் தோகையின் கரியும் போகாது. இருசம்மாள் அடுப்புச் சாம்பலைப் பானையில் நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றிக் காரத் தண்ணீர் வடித்துக் காட்டினாள். முட்டை அதில் மிதந்தால் பதம். சாலம்மாள் ஒரு மூட்டைப் பூந்திக்கொட்டையோடு இறங்கிவந்து, இலுப்பெண்ணெயைக் காரத்தில் ஊற்றித் தானே சோப்புக் காய்ச்ச ஆரம்பித்தாள். முதல் தடவை காரம் மிஞ்சி உள்ளங்கை வெந்தது. இரண்டாவது கூழாகவே நின்றது. மூன்றாவதில் கை நிறைய உப்பைப் போட்டாள். மேலே ஆடைபோலத் திரண்டது. அதை வழித்து, பூந்திக்கொட்டைச் சாற்றை விட்டுப் பிசைந்து, கொட்டாங்குச்சிகளில் அடைத்தாள். நாற்றத்தைத் தாங்க முடியாமல் தெருவே மூக்கைப் பொத்தியது. பிணத்தைக் காய்ச்சுகிறாள் என்றுகூட ஒருவன் சொன்னான். அவன் வேட்டியைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிணமே மேல் என்றாள் சாலம்மாள்.

நாற்பது நாள் காய்ந்தபின் அந்த சோப்பு மண்ணாங்கட்டி நிறத்தில், பெயரோ முத்திரையோ இல்லாமல் இருந்தது. அதில் தோய்த்த துணியை உடுத்த ஆரம்பித்த ஒன்பதாம் நாள் பாவாடையின் தோளிலிருந்து எடை உதிர்ந்தது. பிறகு பெயர். எழுத்துகள் காய்ந்த வேப்பம்பூ மாதிரி பாயில் கிடக்கும். சாலம்மாள் பெருக்கிக் குப்பையில் கொட்டுவாள். பொறுக்கிவைத்துக்கொள்ள வந்தவர்களைத் துடைப்பத்தாலேயே விரட்டினாள். அம்சவள்ளி கழுத்திலிருந்து கடைசிப் புள்ளி விழுந்த அன்று, அவள் தானாகவே தலையை வாரி, கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மறுவருஷம் ஆண்டாளின் மருமகளுக்குக் கை அரித்தது. ஆண்டாள் சோப்புக் கேட்டு ஆள் அனுப்பினாள். "சொகுசு ஜாஸ்தியாயிடுச்சிங்களாமா?" என்று கேட்டுத்தான் சோப்பைக் கொடுத்தாள் சாலம்மாள். ஏழு வருஷம் இப்படிப் போனது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கேட்டவர்களில் ஒருத்தரையும் மதிக்கவில்லை.

1982இல் மணலூர்பேட்டையிலிருந்து அம்சவள்ளியைப் பெண் பார்க்க ராஜாம்பாளும் அவள் மகன் சின்னராசுவும் வந்தார்கள். அவன் ரைஸ் மில்லில் வேலை செய்தான். ராஜாம்பாள் காப்பித் தம்ளரைத் தொடாமல் சொன்னாள்: "பொண்ணு கொஞ்சம் திரும்பட்டும். பின்கழுத்துல இன்னாமோ எழுதிக்கீதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

சாலம்மாள் வாயைத் திறப்பதற்குள் சின்னராசு எழுந்து சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, சிவப்பாக, மூன்று வரி.

"மூணு வருசமா இருக்குதுங்க," என்றான் சுவரைப் பார்த்தபடி. "யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

அம்சவள்ளி கிட்டே வந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தாள்: "இரண்டு வாங்கினால் ஒன்று இனாம்." வாசித்துவிட்டுச் சிரித்தாள். அவன் முதுகும் குலுங்கியது.

"இனாம் யாருங்க?" என்று ராஜாம்பாளைக் கேட்டாள் சாலம்மாள். "நீங்களா?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்திரைக்குள் சின்னராசு முதுகில் வாசிக்க எதுவும் மிச்சமில்லை. ராஜாம்பாள் மட்டும் கோடையிலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே நடந்தாள். ஐப்பசியில் ஒருநாள் மதியம் மருமகளிடம் வந்து, முந்தானையை விலக்கி முழங்கையை நீட்டினாள். அம்சவள்ளி அதை வாசிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சோப்பை எடுத்துவந்து கொடுத்தாள்.