பதினேழாம் அத்தியாயம்

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தாழ் போட்டுக்கொண்டாள் வக்கீல். உள்ளே அப்பாவின் சட்டை, பேண்ட், பெல்ட், கைக்கடிகாரம். சட்டையை நடுவில் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். மேல்பையில் ஒரு டெஸ்டரும் பாதி உடைந்த சீப்பும் இருந்தன. அவள் தேடியது அங்கே இல்லை.

வக்கீல் என்பது அப்பா வைத்த பெயர். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்தால் வேறென்ன பெயர் வைப்பது? அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இன்று காலை பதினொரு மணிக்கு ஏதோ ஒரு அலுவலகத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு நாலு பேர் மூச்சுவாங்க அவரைப் படியேற்றிக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். ஆறு மணிக்கு எடுக்க வேண்டும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்காக வெட்கமாக இருந்தது. மனசுக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் படித்து முடித்தாரா?

அது பள்ளியில் பாடமாக வைத்த ஆங்கில நாவல். ஆளுக்கு ஒரு பிரதிதான் கொடுத்தார்கள். அவள் படிக்கும்போதெல்லாம் அப்பா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மனிதர். லிஃப்ட் கம்பெனி கையேடுகளைப் படித்தே ஆங்கிலம் பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கடைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள், கட்டரை எடுத்துப் புத்தகத்தின் முதுகை அறுத்துப் பதினேழு அத்தியாயங்களையும் பதினேழு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பச்சை ஒயரால் முறுக்கிக் கட்டி வைத்துவிட்டார்.

"என்னப்பா இது! ஸ்கூல் புக்கு!"

"கழட்டினாத்தானே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேலை பார்க்க முடியும்? நீ முடிச்சதை என்கிட்ட கொடு. நான் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பார்த்துக்கறேன்."

ஆங்கில டீச்சர் அதைப் பார்த்துவிட்டுக் குதித்த குதியை வீட்டில் வந்து சொன்னபோது, அப்பா இரண்டு நாளைக்கு நினைத்து நினைத்துச் சிரித்தார். சமூக அறிவியல் புத்தகத்தை மட்டும் அவர் அறுக்கவில்லை. முழுசாகவே எடுத்துக்கொண்டு போய் இரண்டு வாரம் திருப்பித் தரவில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாவலில் ஒரு தீவுப் பெண் நகரத்து நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறாள். பதினாறாம் அத்தியாய முடிவில் படகுத்துறையில் நிற்கிறாள். ஊருக்குத் திரும்புவாளா, மாட்டாளா?

"வரமாட்டா," என்றார் அப்பா. "உன் சோஷியல் புக்குல ஒன்பதாம் பாடத்தை எடு. மில்லு இருக்கற இடத்துக்கு ஜனம் போகுதுன்னு படமே போட்டிருக்கான். அம்புக்குறி எல்லாம் ஒரே பக்கமாத்தான் போகுது. திரும்பி வர்ற அம்புக்குறி ஒண்ணாவது இருக்கா?"

"அது சோஷியல்பா. இது லிட்ரேச்சர். முதல் அத்தியாயத்துல கிளம்பும்போது வீட்டுச் சாவியை எடுத்துட்டுப் போறா. திரும்பி வராதவளுக்கு எதுக்குச் சாவி?"

"மறந்து எடுத்துட்டுப் போயிருப்பா. நான் எத்தனை மெஷின் ரூம் சாவியை மறந்துபோய்க் கொண்டுவந்திருக்கேன்!"

"கதையில யாரும் சும்மா மறக்கமாட்டாங்க."

பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் ஒரு மாதத்துக்கு ஜெயித்தவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போட வேண்டும். கடைசி அத்தியாயத்தை யார் முதலில் படிப்பது என்று காசு சுண்டினார்கள். அது அப்பாவுக்கு விழுந்தது. மூன்று நாளாக அவர் அதைக் கண்ணில் காட்டவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு வக்கீலம்மா, அவசரப்பட்டா கேஸ் தோத்துடும்" என்றார்.

பேண்டின் பக்கவாட்டுப் பையில் கனமான எதிலோ கை பட்டது. நாலாக மடித்த காகிதம், பச்சை ஒயர். அவள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து படித்தாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ள என்னம்மா பண்றே?" என்றது அத்தையின் குரல். பிறகு வேறு யாரிடமோ, "விடுங்க, புள்ள தனியா அழுவுது" என்றது.

கடைசிப் பக்கத்தில் படகு தீவில் முட்டியது. பூட்டிக் கிடந்த கதவில் சாவி பொருந்தியது. வக்கீல் ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை திரும்பப் புரட்டினாள். எங்கே நிறுத்தினார் என்பதற்கு மடிப்போ கோடோ இல்லை. எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி கிரீஸ் விரல் தடம்.

படிக்கட்டில் ஸ்பேனர் மாமா உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு பதினெட்டு வருடம் ஒரே வேனில் போனவர்.

"மாமா, அப்பா இதைப் படிச்சு முடிச்சிட்டாரா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நேத்து மத்தியானம் வச்சுட்டு உட்கார்ந்திருந்தான். ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான். ஆள் பார்த்துக் கேட்டான் பாரு, என்கிட்ட!"

"இன்னைக்குக் காலையில?"

"வேன்ல தனியா சிரிச்சுக்கிட்டே வந்தான். என்னடான்னேன். சாயங்காலம் வீட்டுல ஒரு வேடிக்கை இருக்குன்னான்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிரித்தது சாட்சியாகாது. ஜெயித்தாலும் சிரிப்பார், தோற்றாலும் சிரிப்பார்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். மூன்று மணியிலிருந்து யாரோடும் பேசவில்லை. வக்கீல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதோரம் கேட்டாள். "அம்மா, காலையில அப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைப்பதற்குள் அம்மா பேசினாள். "நாலரைக்கே எந்திரிச்சாரு. அடுப்படி லைட்டைப் போட்டுக்கிட்டு எதையோ படிச்சாரு. அப்புறம் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போய் உட்கார்ந்தாரு. ரொம்ப நேரம். என்னங்க பண்றீங்கன்னு படுத்துக்கிட்டே கேட்டேன். நீ தூங்குன்னாரு." அவள் அப்பாவின் தலையைத் தடவினாள். "நெஞ்சு வலிச்சுதான் காத்தாட உட்கார்ந்தாரோ என்னமோ. எந்திரிச்சுப் போய்ப் பார்த்திருக்கலாம்ல? பத்து அடி தூரம். பார்த்திருக்கலாம்ல?"



ஆறு மணிக்கு அத்தைதான் எல்லோரையும் விரட்டினாள். "வாசல்ல கிடக்குற செருப்பையெல்லாம் ஒதுக்குங்கப்பா! தூக்கிட்டு வர்றவங்க கால் தடுக்கினா படியில என்ன ஆவறது?"

வக்கீல் குனிந்து இரண்டு கையாலும் செருப்புகளை ஓரமாகத் தள்ளினாள். யார் யாருடையதோ, ஐம்பது ஜோடி இருக்கும். சுவரோரம், எல்லாவற்றுக்கும் அடியில், அவளுடைய பள்ளிக்கூட ஷூ கிடந்தது. பரீட்சைக்காக விடுமுறை விட்டு ஐந்து நாளாகிறது. மழையில் வந்த அன்று சேறோடு கழற்றிப் போட்டது. அதற்கப்புறம் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது சேறு இல்லை. குதிகாலின் மடிப்புவரை கருகருவென்று மின்னியது. இரண்டு ஷூவையும் சேர்த்துப் பச்சை ஒயரால் ஒரு முறுக்கு முறுக்கியிருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு, கூடத்துக்கு ஓடினாள்.

"இந்த நேரத்துல ஷூ எதுக்குடி?" என்றாள் அத்தை.

வக்கீல் அதை அம்மாவின் மடியில் வைத்தாள். "இதைத்தாம்மா பண்ணிட்டிருந்தாரு. வெளிய உட்கார்ந்து இதைத்தான்."

அம்மா ஷூவின் முனையைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தாள். விரலில் கறுப்பு ஒட்டியது. தூக்குகிறவர்கள் வந்து நின்ற பிறகும் அவள் அதைத் துடைக்கவில்லை.