பூஜ்யத்திலிருந்து

மீட்டிங்கை எப்போதும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைப்பதில்தான் மேனேஜர் கோகுலகிருஷ்ணனின் சாமர்த்தியம் முழுவதும் இருந்தது. முதலாளி சுமதிகுமார் மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பத்துக்காரர். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். மேனேஜர் நாற்பது ஸ்லைடு ஓட்டுவார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகும்போது முதலாளி கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிட எழுந்துவிடுவார். மறுத்துப் பேச வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன வருஷம் முண்டியம்பாக்கத்துக் கிடங்கை இப்படித்தான் இழுத்து மூடினார்கள்.

இந்தத் தடவை திண்டிவனம். அங்கிருக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆலைக்கு அருணாதான் பொறுப்பு. விழுப்புரம் ஹெட் ஆபீஸுக்கு அவள் கிளம்பும்போது, பருப்பு பொறுக்கும் அம்சா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூடிடுவாங்களாமே, நெஜமாம்மா? நாங்கல்லாம் எங்க போறது?"

"நான் இருக்கறவரைக்கும் மூட வுடமாட்டேன், போக்கா."

சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் வழி முழுக்க லேப்டாப்பை மடியில் வைத்துக் கணக்கையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு ஆலைகளையும் ஒப்பிட்டு மேனேஜர் போட்ட பட்டைப் படம் முன்பே மெயிலில் வந்திருந்தது. பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுப்புரம் ஆலை நூறு டன் எண்ணெய், திண்டிவனம் தொண்ணூற்றிரண்டு. படத்திலோ விழுப்புரம் பனைமரமாக நிற்க, திண்டிவனம் அதன் காலடியில் குட்டிச்சுவராகக் கிடந்தது. மனுஷன் அளவையே தொண்ணூறில் ஆரம்பித்திருந்தார்! கீழேயிருக்கும் தொண்ணூறை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டினால் யார்தான் குள்ளமாகத் தெரியமாட்டார்கள்?

"உன் படத்த கடைசியில போட்டுக்கலாம் அருணா," என்றார் கோகுலகிருஷ்ணன், மீட்டிங் அறையில் பல்லைக் காட்டிக்கொண்டு.

அந்தக் கடைசி வரவே வராதென்று யாருக்குத் தெரியாது? அவர் டீ சொல்ல வெளியே போன நேரம் பார்த்து, அருணா ப்ரொஜெக்டர் வயரைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகினாள். முதலாளி வந்து உட்காரவும் சுவரில் எழுத்து விழுந்தது: திண்டிவனம் ஆலையை மூடக்கூடாது. அதற்குக் கீழே இரண்டே பட்டைகள். பூஜ்யத்திலிருந்து எழும்பி, ஏறக்குறைய தோளோடு தோள் நின்றன.

"இன்னாம்மா இது, முடிவ மொதல்லயே சொல்ற?" என்றார் முதலாளி.

"பின்ன, நீங்க எழுந்து போனப்புறமாங்க சொல்றது?" அருணா சுவரிலிருந்த இரண்டு பட்டைகளையும் விரலால் காட்டினாள். "மேனேஜர் சாரும் இதே கணக்கத்தாங்க போட்டிருக்காரு. ஆனா தொண்ணூறுலேர்ந்து ஆரம்பிச்சிருக்காரு. ஏன்னு கேளுங்க."

உள்ளே வந்த கோகுலகிருஷ்ணனின் முகம் சுண்டிப்போனது. "வித்தியாசம் நல்லா தெரியணும்னுதாங்க..."

"எங்க, ஒன் படத்தயும் போடு."

போட்டார். வேறு வழி? சுமதிகுமார் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

"எட்டு டன்னுக்கா இவ்ளோ பள்ளம் காட்டின?" என்றார். கையெழுத்துக்காக வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "ஆலை ஓடட்டும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், மேனேஜர் சீறினார். "பெரிய ஆளாயிட்டியா நீ? வயரப் புடுங்கினத ஒன் ரிப்போர்ட்ல எழுதாம வுடமாட்டேன், பாத்துக்கினே இரு!"

அருணா வயரைச் சுருட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"தாராளமா எழுதுங்க சார். ஆனா அதையாவது பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சு எழுதுங்க."