உத்தரத்துப் பால் டப்பா

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணி மாதம், சின்ன காஞ்சிபுரத்தில் ஹேமாம்புஜம் வாங்கி வந்த பிஸ்கட் பொட்டலம் கூடையிலிருந்து கிளம்பி நேரே உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்த சாப்பாட்டுச் சாமானெல்லாம் தன் இடத்துக்குத் தானே போய் நின்றது. கத்தரிக்காயும் கறந்த பாலும் தரையில் கிடந்தன. மில் அரிசி ஒரு விரல் உயரம், வெல்லம் கணுக்கால், வெள்ளைச் சர்க்கரை முழங்கால், பேக்கரி ரொட்டி இடுப்பு. எத்தனை இயந்திரத்துக்குள் புகுந்து வந்ததோ அத்தனை உயரம். முதல் வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அப்புறம் குழாயில் தண்ணீர் வராததால் எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

அவள் கணவர் சடகோபன் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிறவர். எது பெருமாளுக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர். பெருமாளே வீடு தேடி வந்து தரம் பிரித்துக் கொடுக்கிறார் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சளைக் குழைத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே போகிற எதையும் அந்த வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது.

தொண்ணூற்றொன்பது தை மாதத்தில், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, ஏழாம் மாதத்திலேயே ஸுதர்சன் பிறந்தான். ஹேமாம்புஜத்துக்குப் பால் சுரக்கவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கான பால் பவுடரை டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாசலைத் தாண்டியதும் டப்பா உத்தரத்துக்குப் போய்விட்டது. சடகோபன் ஏணியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்தார்.

"பசும்பால் தரையிலேயே இருக்கு பார், அதைக் கொடு. மேலே இருக்கறதைக் குழந்தை வாயில வெக்காதே" என்றார். கெட்ட மனசு கிடையாது. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

பசும்பால் குழந்தைக்குத் தங்கவில்லை. ஆறாம் நாள் பூ கொடுக்க வந்த அம்சா எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாமா இது, கொயந்த குச்சியாட்டம் கெடக்குது! டப்பா எங்க ஒட்டிக்கினு இருந்தா இன்னா? டாக்டரு சொன்னத குடும்மா!"

அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஹேமாம்புஜம் அரிசி டிரம்மின்மேல் ஏறி டப்பாவைப் பிய்த்தெடுத்தாள். கிண்ணத்தை விட்டு எழும்பப் பார்த்த பாலை உள்ளங்கையால் மூடி மூடி நாலு சங்கு புகட்டினாள். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. விளக்கேற்றும் வேளையில் அதன் மூச்சு நின்றுவிட்டது.

கிடத்தியபோது குழந்தையின் முதுகு பாயில் படவில்லை. ஒரு சாண் மேலேயே நின்றது. சடகோபன் இரண்டு கைகளாலும் மெல்ல அமுக்கினார். கையை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

"எத்தனை கொடுத்தே?"

"நாலு சங்கு" என்றாள். "முதல் நாளே கொடுத்திருந்தா இந்நேரம் உத்தரத்துல விளையாடிண்டிருப்பான்."

வேகவதி ஆற்றங்கரையில் குழி தோண்டிய தர்மன் மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் குழந்தையின்மேல் ஒரு கல்லை வைத்தான். காரணம் கேட்கவில்லை.

அதன்பிறகு ஹேமாம்புஜம் பிஸ்கட்டும் ரொட்டியும் தவிர வேறொன்றும் தொடவில்லை. இரண்டே வருஷத்தில் உத்தரத்துக்கே போய்விட்டாள். சடகோபன் கீழே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். இறங்கி வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. இரண்டாயிரத்தொன்று மாசியில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் தலையை அண்ணாந்து பெயரும் வயதும் கேட்டார். குழந்தைகள் எத்தனை என்றதற்கு மேலிருந்து "ஒண்ணு" என்று பதில் வந்தது. சடகோபன் மறுக்கவில்லை. வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.