இருபது எம்.பி.க்குள் ஒரு முகம்

படத்தை அனுப்பும் கோப்பாக மாற்றும் எக்ஸ்போர்ட் முடிந்ததும் இசக்கிசெல்வி முதலில் பார்த்தது கோப்பின் அளவைத்தான். பத்தொன்பது எம்.பி. அப்பாடா என்றிருந்தது. சென்னை அனிமேஷன் நிறுவனம் இருபதுக்குள் கேட்டிருந்தது, அதுவும் ஐந்து மணிக்குள். இப்போது நாலு பத்து. படம் பிடித்துப்போனால் அங்கே வேலை. இல்லாவிட்டால் சங்கரன்கோவில் கீழ ரத வீதியின் இந்தக் கல்யாண ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலையில் ஏழாவது வருஷம். நிம்மதியாகப் படத்தை ஓடவிட்டாள். அந்த நிம்மதி பத்து விநாடிகூடத் தாங்கவில்லை.

அவளே வரைந்த ஒரு நிமிஷ அனிமேஷன் படம். திருவேங்கடத்துக்கு ரோடு பிரியும் விலக்கில் ஒரு பெண் பஸ்ஸுக்கு நிற்கிறாள். வராதோ என்கிற பயமும், வந்துவிடுமோ என்கிற பயமும் அவள் முகத்தில் மாறி மாறி வரும். கடைசியில் பஸ் வர, கையை உயர்த்துவாள். அந்த முகத்துக்காக எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன. இப்போது கண்ணும் வாயும் கட்டம் கட்டமாகக் கலங்கிக் கிடந்தன.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஆபிதா பானு எட்டிப் பார்த்தாள். இருவரும் ஆறு வருஷமாக ஒரே அறையில் கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள்.

"என்னட்டி, அவ மூஞ்சி தண்ணில ஊறுன மாரி இருக்கு?"

பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு ஒதுக்கும் இடத்தை, கூட்டினால் முகம் தெளிந்தது, கோப்பு அறுபதைத் தாண்டியது. படத்தின் அளவைக் குறைத்தால் கோப்பு அடங்கியது, முகம் மிளகளவு ஆனது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலும் செல்விக்கு ஒரு கேள்வி விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. பின்னால் இருக்கும் ஊர்ப் பலகையின் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறதே, முகம் மட்டும் ஏன் போகிறது? ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தாள். அசையாத பலகையைக் கோப்பு ஒரு தடவை பதிந்துகொண்டால் போதும். அசைகிறவற்றுக்குத்தான் திரும்பத் திரும்ப இடம் வேண்டும். அந்தப் பெண்ணோ லேசாகத்தான் அசைகிறாள். அப்படியானால் இருக்கிற இடத்தையெல்லாம் தின்றது யார்?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜிகினா! படம் முழுக்கத் தங்கப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை, பொண்ணு தலையில் அது உதிராவிட்டால் "சப்புன்னு இருக்கு" என்று வீடியோவைத் திருப்பி அனுப்பும் ஊர் இது. பழகிய கை, கேட்காமலே தன் படத்துக்கும் அந்த லேயரைப் போட்டிருக்கிறது.

அதை அணைத்து மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்தாள். பதினெட்டு எம்.பி. இமை துடிப்பதுகூடத் தெரிந்தது. "யா அல்லா, இவளுக்கு இப்படி ஒரு மூஞ்சியா!" என்றாள் ஆபிதா.

கடைசிக் காட்சியில் செல்வி படத்தை நிறுத்தினாள். உயர்ந்த கையில் விரல்கள் இல்லை. பிறகு வரையலாம் என்று மொத்தையாக விட்டிருந்த கையை இத்தனை நாள் ஜிகினா மறைத்து வைத்திருந்தது. விரல்களை வரைந்து, அந்தக் காட்சியைப் பிரேம் பிரேமாக மறுபடி உருவாக்கி ரெண்டர் போட ஒரு நாள் ஆகும். மணி நாலு நாற்பது.

"கைக்கு மட்டும் கொஞ்சம் ஜிகினாவ போட்டுருட்டி. யாரு பாக்கா?"

செல்வி அந்த லேயரின் மேல் மவுஸை வைத்தபடி இருந்தாள். சென்னையிலும் ஜிகினாவை வைத்துத்தான் உள்ளே போக வேண்டுமா?

"வேண்டாம். இப்படியே அனுப்புதேன்."

ஆபிதா தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "நீ போயிட்டா இந்த ரூம்ல நான் யாருகிட்டட்டி பேசுவேன்?" என்றாள். பிறகு அவளே, "சீக்கிரம் அனுப்பு, கரண்டு போயிரும்" என்றாள்.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு மெயில் போனது. போனது சரியாகப் போயிருக்கிறதா என்று செல்வி அதையே திறந்து ஓடவிட்டாள். தூரத்தில் பஸ் புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் பெண் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். விரல் முளைக்காத கை, ஒளிவு மறைவில்லாமல், பஸ்ஸை நோக்கி உயர்ந்தது.